இடிந்து நிற்கவும் வசதி வேண்டும்

கர்நாடகத்தின் கோலார் தங்கவயலுக்குக் கேமராவோடு போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான படங்களோடுதான் திரும்புகிறார்கள். மேகத்தை முட்டிக்கொண்டு நிற்கும் சுரங்கக் கோபுரம், அதன் உச்சியில் துருப்பிடித்த சக்கரம். ஓடு சரிந்த பங்களா, சுவரைப் பிளந்துகொண்டு வளர்ந்த அரசங்கன்று. கண்ணாடி போன மருத்துவமனை ஜன்னல். தங்கம் பிரித்தபின் கொட்டிய சயனைட் மண்மேட்டில் மழை அறுத்த வரிகள். எல்லாவற்றின் மீதும் சாயங்கால வெயில். கீழே ஒரு வரி எழுதியிருப்பார்கள்: கைவிடப்பட்ட நகரம்.

படங்கள் மோசமானவை என்று யாரும் சொல்லிவிட முடியாது. வெளிச்சம் தெரிந்தவர்கள், பொறுமையாகக் காத்திருந்து எடுத்தவை பல. காரை உதிர்ந்த சுவரின் நிறங்களை இவ்வளவு நுட்பமாகப் பார்க்கும் கண் நம்மிடையே முப்பது வருஷத்துக்கு முன்பு இருந்ததாகத் தெரியவில்லை. என் கேள்வி அந்தக் கடைசி வரியிலிருந்து தொடங்குகிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்த ஊரில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழ்ந்தார்கள். விடிவதற்கு முன்பே மாரிகுப்பத்திலிருந்து ரயில் கிளம்புகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று சுரங்கங்களின் பெயர் தாங்கிய நிலையங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டை போய், அங்கிருந்து பெங்களூர். ஏறக்குறைய நூறு கிலோமீட்டர். தங்கவயலின் உழைக்கும் வயதினரில் பலர் தினமும் அப்படிப் போய், இருட்டியபின் வீடு திரும்புகிறார்கள். படமெடுக்க வருகிறவர் எதிர்த்திசை ரயிலிலோ காரிலோ காலை ஒன்பது, பத்து மணிக்கு வந்து இறங்குகிறார். ஊர் வெறிச்சென்று இருப்பதாக அவருக்குத் தோன்றுகிறது. வேலைக்குப் போயிருக்கும் ஊரை ஆளற்றுப்போன ஊராகப் பதிவுசெய்துகொண்டு கிளம்பிவிடுகிறார்.

2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது சுரங்கம். ஊரைக் கைகழுவியது அதை நடத்திய பொதுத்துறை நிறுவனம். ஊரார் யாரும் ஊரைக் கைவிடவில்லை. ஒரு புகைப்படத்தை எடைபோடுவதற்கு முன்பு அதன் தலைப்பு உண்மையா என்று பார்ப்பது அடிப்படை ஒழுங்கு. அந்த முதல் படியிலேயே பெரும்பாலான தங்கவயல் படங்கள் சறுக்குகின்றன.

இதைத் திருவள்ளூர் மாவட்டத்தில் உட்கார்ந்துகொண்டு எழுதக் காரணம் உண்டு. தங்கவயலுக்கு ஆள் போனது பெரும்பாலும் வட ஆர்க்காடு, சித்தூர், சேலம் பக்கங்களிலிருந்து. இன்று எங்கள் மாவட்டத்தின் மேற்கு ஓரமாக இருக்கும் திருத்தணியும் பள்ளிப்பட்டும் அன்று வட ஆர்க்காட்டிலும், 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிந்தபின் அதிலும் அடங்கியிருந்தவை. 1960-இல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. நிலமில்லாத, சேரியில் ஒதுக்கப்பட்ட தலித் குடும்பங்கள் பஞ்சத்துக்கும் பண்ணையாருக்கும் தப்பி ரயிலேறிய பகுதி இது. ஆகவே அந்த இடிபாடுகளை ஏதோ கன்னட நாட்டுக் காட்சி என்று நாங்கள் பார்த்துவிட்டு நகர முடியாது.

படங்களை எடைபோட ஊரின் கதை கொஞ்சமாவது தெரிய வேண்டும். நியூசிலாந்துப் போரில் இருந்து திரும்பிய மைக்கேல் லாவெல் என்ற ஐரிஷ் சிப்பாய் 1870-களில் மைசூர் அரசிடம் உரிமம் வாங்கித் தோண்டத் தொடங்கினார். 1880-இல் லண்டனைச் சேர்ந்த ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனத்தின் கைக்கு வந்தபின்தான் தங்கம் தங்கமாகக் கொட்டியது. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரில் எடுத்த மின்சாரம் முதலில் வந்து சேர்ந்தது இந்தச் சுரங்கங்களுக்கு. 1956-இல் மைசூர் அரசு சுரங்கங்களை எடுத்துக்கொண்டது, 1962-இல் மத்திய அரசு. 1972-இல் பாரத் கோல்டு மைன்ஸ் என்ற கம்பெனி பிறந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. நூற்றிருபது ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன் என்பார்கள். ஆழத்தில் பாறை வெடித்துச் சிதறும். அதற்கு அங்கே ‘ஏர் பிளாஸ்ட்’ என்று பெயர். மேலே வீட்டில் பாத்திரம் ஆடினால் கீழே வேலைக்குப் போனவர் திரும்புவாரா என்று பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். பாறைத்தூசி நுரையீரலில் படிந்து வரும் சிலிகோசிஸ் நோய் மெதுவாகக் கொன்றது. 1930-இல் கம்பெனி தொழிலாளரின் கைரேகையைப் பதிவு செய்ய முற்பட்டபோது சுரங்கங்கள் வேலைநிறுத்தத்தில் ஸ்தம்பித்தன. இந்தத் தொழிலாளர் வரலாற்றை விரிவாக எழுதியவர் ஜானகி நாயர். 1998-இல் வந்த அவருடைய நூலைப் படித்துவிட்டு மாரிகுப்பத்தில் இறங்கும் புகைப்படக்காரர் எத்தனை பேர் இருப்பார்கள்?

சரி, படங்களுக்கு வருவோம். அவற்றுக்காக வாதாடுகிறவர்கள் முதலில் எடுத்துப்போடும் சீட்டு ஆவணம் என்பது. சுரங்கம் மூடியபின் இரும்பு திருடுபோகிறது, மரம் பெயர்க்கப்படுகிறது, கூரை விழுகிறது. யாரோ ஒருவர் படமாவது எடுத்து வைக்கட்டுமே என்கிறார்கள். எளிதில் தள்ளிவிட முடியாத வாதம் இது. ஜெர்மனியில் பெர்ன்ட் பெஷர், ஹில்லா பெஷர் என்ற தம்பதி 1959 முதல் பல பத்தாண்டுகள் இதைத்தான் செய்தார்கள். ரூர், வேல்ஸ், பென்சில்வேனியா என்று அலைந்து சுரங்கக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் உலைகளையும் படமெடுத்தார்கள். அவர்கள் எடுத்தவற்றில் பல பின்னால் இடிக்கப்பட்டுவிட்டன, படம்தான் மிச்சம். 1990-இல் வெனிஸ் கலைக்கண்காட்சியில் சிற்பத்துக்கான தங்கச் சிங்கம் விருது அந்தப் புகைப்படங்களுக்குக் கிடைத்தது.

ஆனால் அவர்கள் எடுத்த விதத்தைப் பாருங்கள். மேகமூட்டமான நாளுக்காகக் காத்திருப்பார்கள். நிழல் விழக் கூடாது. பொருளுக்கு நேர் எதிரே, பாதி உயரத்தில் கேமரா. ஒவ்வொரு கோபுரத்தையும் ஒரே அளவில், ஒரே கோணத்தில். படத்தின் கீழே என்ன வகைக் கட்டடம், எந்த ஊர், எந்த ஆண்டு. அவ்வளவுதான். அதனால்தான் ஒரு கோபுரத்தை இன்னொன்றோடு ஒப்பிட முடிகிறது. எங்கே குறுக்குச்சட்டம் கூடியிருக்கிறது, எங்கே சக்கரத்தின் அமைப்பு மாறுகிறது என்று ஒரு பொறியாளர்கூட அந்தப் படங்களிலிருந்து சொல்லிவிடலாம். தங்கவயல் படங்களில் நடப்பது இதற்கு நேர்மாறு. தரையோடு தரையாகப் படுத்து, அகன்ற லென்ஸில், அஸ்தமனத்தில் எடுக்கிறார்கள். கோபுரம் ராட்சதன்போல் சாய்கிறது. அது எந்தச் சுரங்கக் குழிமேல் நிற்கும் கோபுரம், கிஃபோர்ட் ஷாஃப்டா, ஹென்றி ஷாஃப்டா, நந்திதுர்க்கமா, உரிகமா என்று எந்தக் குறிப்பும் இருக்காது. எடுத்த ஆண்டும் இருக்காது. பெயரும் தேதியும் இல்லாத படத்தை ஆவணம் என்று எப்படி ஏற்பது? ஆவணம் என்ற வாதத்தை நான் மதிக்கிறேன். அந்த வாதத்துக்குரிய வேலையை இந்தப் படங்கள் செய்யவில்லை.

அடுத்த சீட்டு, உலகமெங்கும் இப்படித்தான் என்பது. நமீபியாவின் கோல்மான்ஸ்கோப் என்ற வைர ஊர் 1956-க்குள் காலியாகி, வீடுகளுக்குள் பாலைமணல் இடுப்பளவு ஏறிக் கிடக்கிறது. கலிபோர்னியாவின் போடி என்ற தங்க ஊரை அரசு இருந்த நிலையிலேயே நிறுத்திவைத்துப் பூங்காவாக்கியிருக்கிறது. ஜப்பானில் ஹாஷிமா என்ற நிலக்கரித் தீவில் 1974-இல் சுரங்கம் மூடியதும் சில மாதங்களில் மொத்த ஜனமும் படகேறிவிட்டது. நம்மவர்களின் கோணமும் நிறமும் இந்த ஊர்களின் படங்களிலிருந்து கற்றுக்கொண்டவை. அங்கே வெறுமை என்பதாவது உண்மை. அப்படியிருந்தும் ஹாஷிமா 2015-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது, அந்தச் சுரங்கத்தில் வலுக்கட்டாயமாக வேலைவாங்கப்பட்ட கொரியர்களின் கதை எங்கே என்று தென்கொரியா சண்டைக்கு நின்றது. உண்மையிலேயே ஆளற்ற தீவின் காலிச் சுவர்களே இவ்வளவு பெரிய விஷயத்தை மறைக்க முடியுமென்றால், ஒன்றரை லட்சம் பேர் சோறு பொங்கும் ஊரைக் காலியாகக் காட்டும் படம் எவ்வளவு மறைக்கும்!

இதற்காகப் புகைப்படக்காரரின் மனச்சாட்சியைக் குறை சொல்லிக்கொண்டிருப்பதில் எனக்கு அவ்வளவு ஆர்வமில்லை. அவர் நல்லவராகவே இருக்கலாம். விஷயம் செங்கல்லிலும் கருங்கல்லிலும் இருக்கிறது. சிதிலம் என்பது எல்லாக் கட்டடத்துக்கும் வாய்ப்பதில்லை. கம்பெனி அதிகாரிகளுக்குக் கருங்கல் அடித்தளம், தடித்த சுவர், தேக்குச் சட்டம், உயரமான ஓட்டுக்கூரை, முன்பக்கம் பூந்தோட்டம் என்று பங்களாக்கள் கட்டினார்கள். கிளப் கட்டினார்கள், தேவாலயம் கட்டினார்கள். அப்படிக் கட்டியது சாகும்போதும் அழகாகச் சாகும். நூறு வருஷம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு மழைக்கும் ஒரு நிறம் மாறி, சுவரில் பாசி வரைந்து சாகும். சுரங்கத் தொழிலாளிக்குக் கம்பெனி கொடுத்தது லைன் வீடு. ஆரம்ப காலத்தில் மூங்கில் தட்டிச் சுவர், மேலே தகரம், ஒரு குடும்பத்துக்கு ஒரு சின்ன அறை. தட்டி மட்கினால் இடிபாடு ஆகாது, மண்ணாகிவிடும். தகரம் பறந்தால் பழைய இரும்புக்காரர் எடுத்துக்கொண்டு போவார். இடிந்து நிற்கவும் ஒரு வசதி வேண்டும். அந்த வசதி ஆண்டவர்களுக்கு இருந்தது, தோண்டியவர்களுக்கு இல்லை. இடிபாட்டை அழகென்று தேடிப்போகும் ஒரு கலை, எவ்வளவு நியாயவானின் கையில் இருந்தாலும், தானாகவே பங்களா பக்கம் சாய்ந்துவிடும். பொருளே அப்படி.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. பின்னாளில் கல்லாலும் சிமென்டாலும் கட்டிய லைன் வீடுகள் இன்றும் நிற்கின்றன. ஆனால் அவற்றில் ஆள் இருக்கிறார்கள். ஆள் இருக்கும் வீடு சிதிலமாகாது, பழுதுபார்க்கப்படும். ஓடு உடைந்த இடத்தில் நீலத் தார்ப்பாய். வாசலை ஒட்டி ஒரு தகர நீட்டிப்பு, அதில் அடுப்போ மோட்டார் சைக்கிளோ. சுவருக்குப் பச்சை அல்லது ரோஸ் பெயின்ட். கூரைமேல் டிஷ் ஆன்டெனா. கதவுக்கு மேலே அம்பேத்கர், சில வீடுகளில் புத்தர், சிலவற்றில் வேளாங்கண்ணி மாதா. கொடியில் யூனிஃபார்ம் சட்டை காய்கிறது. பெங்களூரில் ஏதோ ஒரு வாசலில் செக்யூரிட்டியாக நிற்கிறவருடையது. சட்டகத்துக்குள் இது வந்தால் ‘கைவிடப்பட்ட’ என்ற தலைப்பு கெட்டுவிடும். ஆகவே கேமரா இரண்டடி இடதுபுறம் நகர்கிறது. டிஷ் ஆன்டெனா இல்லாத தங்கவயல் படம் பார்த்தால், அந்த இரண்டடி நகர்வை நீங்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

லைன்களில் இன்னொன்றும் இருந்தது, உலர் கழிப்பறை. சுதந்திர இந்தியாவின் பொதுத்துறை நிறுவனம் நடத்திய குடியிருப்பில், மனிதர் மலத்தை மனிதர் அள்ளும் வழக்கம் வெகுகாலம் ஓயவில்லை. தங்கவயலின் இடிந்த கட்டடங்களில் வரலாற்றுக்கு மிகவும் தேவைப்படுவது அந்தக் கழிப்பறை வரிசைகளின் படம்தான் என்பேன். அதை ஒருவரும் சாயங்கால வெயிலில் எடுப்பதில்லை.

நிறுவனக் கட்டடங்களிலும் எதைத் தேர்கிறார்கள் என்று பாருங்கள். கிளப்பின் நடன அறை திரும்பத் திரும்ப வருகிறது, அச்சகம் வருவதில்லை. தலித் அறிவு வரலாற்றில் தங்கவயலுக்கு உள்ள இடம் கொஞ்சநஞ்சமல்ல. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசர் 1907-இல் சென்னையில் தொடங்கிய தமிழன் இதழ், அவர் மறைவுக்குப் பின் 1926-இல் ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு தங்கவயலில் மறுபடி உயிர்பெற்றது. சித்தார்த்த புத்தகசாலை அங்கிருந்துதான் அயோத்திதாசரின் நூல்களை அச்சிட்டது. அம்பேத்கர் 1954-இல் அந்த ஊருக்கு வந்து போனார். அச்சு எழுத்துக் கோத்த அறை எந்தத் தெருவில் இருந்தது, இன்று அங்கே என்ன இருக்கிறது என்று தேடிப்போய் எடுத்த ஒரு படம் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. அது ஒருவேளை ஒரு செல்போன் ரீசார்ஜ் கடையாக இருக்கலாம். இருந்தால் என்ன? அதை எடுத்து, கீழே நாலு வரி எழுதினால் போதாதா?

அடிப்படையான ஒரு வரம்பையும் சொல்ல வேண்டும். சுரங்க ஊர் என்பது பூமிக்குக் கீழே இருப்பது. மேலே தெரிவதெல்லாம் மூடிதான். 1965-இல் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில், இரண்டு கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் ஜப்பானிய, பிரிட்டிஷ் குழுக்களோடு சேர்ந்து காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோ துகளை உலகிலேயே முதன்முதலாகக் கண்டறிந்தவர்களில் இடம்பெற்றார்கள். அதைச் சாத்தியமாக்கியவர்கள் கருவிகளைக் கீழே இறக்கி ஏற்றிய தொழிலாளர்கள். இன்று அந்த ஆழத்தில் தண்ணீர் நிற்கிறது. எந்தக் கேமராவும் போகாது. தொழிலாளி தன் ஆயுளைக் கழித்த இடம் முழுவதும் அந்தத் தண்ணீருக்கடியில். மூடியை மட்டும் படமெடுக்கிறோம் என்ற உணர்வாவது படத்தில் தெரிய வேண்டும். சுரங்க வரைபடத்தையோ, கேஜ் என்ற சுரங்க லிஃப்ட் இறங்கும் கணக்கையோ, அங்கே வேலைசெய்த ஒருவர் சொன்னதையோ படத்தோடு சேர்த்து வைத்தால் அது தெரியும். தனிப்படத்தால் அது முடியாது.

இந்தக் குறையைச் சிலர் உணர்ந்திருக்கிறார்கள். உணர்ந்து அவர்கள் செய்யும் பரிகாரம் அதைவிட மோசம். ஓய்வுபெற்ற தொழிலாளி ஒருவரைக் கூட்டிவந்து கோபுரத்தின் முன் நிறுத்துகிறார்கள். கறுப்பு வெள்ளை. முகத்துச் சுருக்கமும் இரும்பின் துருவும் ஒன்றுபோல் தெரியுமாறு கான்ட்ராஸ்ட் கூட்டுகிறார்கள். ‘ஒரு முதிய சுரங்கத் தொழிலாளி’ என்று தலைப்பு. மனிதரை வரவழைத்து அவரையும் ஒரு இடிபாடாக்கிவிட்டார்கள். அந்தப் பெரியவருக்குப் பெயர் உண்டு, எந்த ஷாஃப்டில் எத்தனை வருஷம் என்ற கணக்கு உண்டு, வரவேண்டிய நிலுவையைப் பற்றியும் குடியிருக்கும் வீடு தன் பெயருக்கு வருமா என்பதைப் பற்றியும் சொல்ல நிறைய உண்டு. தலைப்பில் அவர் சம்மதத்தோடு அவர் பெயர் இருந்தால் படத்தின் எடையே வேறு.

சினிமாவைத் தொடாமல் இதை முடிக்க முடியாது, ஏனென்றால் இப்போது கேமராவோடு போகிறவர்களில் பலரை அனுப்பிவைப்பது சினிமா. 2018-இலும் 2022-இலும் வந்த கே.ஜி.எஃப். படங்கள் அந்த மண்ணைக் கரியாக்கிக் காட்டின. தங்கவயலின் சயனைட் மேடுகள் வெளிறிய மண்நிறம். படத்தைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அந்த வெளிறிய மேட்டைக் கணினியில் கறுப்பாக்கிக்கொள்கிறார்கள். நிறம்கூடப் பரவாயில்லை. கதையில் ஒரு தாதா அடிமைகளை வைத்துச் சுரங்கம் நடத்தும் அதே எழுபதுகளில், நிஜத்தில் சுரங்கத்தை நடத்தியது இந்திய அரசு. ஆக, கேள்வி கேட்கப்பட வேண்டிய முதலாளி திரையில் வருவதே இல்லை. 2024-இல் பா. ரஞ்சித்தின் தங்கலான் வட ஆர்க்காட்டு மக்களையும் நிலத்தையும் சாதியையும் நடுவில் வைத்தது. அந்த வகையில் அது பல படி மேல். ஆனால் அதன் காலம் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, டெய்லர் கம்பெனி வருவதற்கும் முந்தியது. 1956-க்கும் 2001-க்கும் இடைப்பட்ட தங்கவயல், அதாவது இன்று உயிரோடிருப்பவர்கள் வேலைபார்த்த தங்கவயல், சினிமாவிலும் இல்லை, புகைப்படத்திலும் இல்லை.

இனி எதிர்த்தரப்புக்கு உரியதைக் கொடுத்துவிட வேண்டும். பழைய மண்மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தைப் பிரித்தெடுக்கும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் இசைவு தந்திருக்கிறது. பதின்மூன்று மேடுகள், ஆயிரம் ஏக்கருக்குச் சற்று மேல். வேலை தொடங்கினால் ஊரின் அடிவானமே மாறும். அப்போது இன்று நான் குறை சொல்லும் படங்களைத்தான் தேட வேண்டிவரும். கெட்ட ஆவணம், ஆவணமே இல்லாமல் போவதைவிட மேல். இன்னொன்று: இந்தப் படங்கள் இல்லாவிட்டால் சென்னையிலும் பெங்களூரிலும் இருபது வயதுக்காரர் பலருக்குத் தங்கவயல் என்ற ஊர் இருப்பதே தெரிந்திருக்காது. அழகில் மயங்கி வந்தவர்களில் சிலர் இரண்டாம் முறை லைன்களுக்குள் நடந்து போயிருப்பார்கள். அழகு குற்றமில்லை. துருவின் நிறம் உண்மையில் அழகானது. அதை ஒளித்துவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவையும் போட்டுப் பார்த்தபின் என் தீர்ப்பு இது. சுரங்கக் கோபுரப் படங்கள் பாதி தேறும். ஷாஃப்டின் பெயரும் ஆண்டும் சேர்ந்தால் முழுதாகத் தேறும். மண்மேட்டுப் படங்கள், மேடுகள் போகப்போவதால், நாளுக்கு நாள் மதிப்பு கூடக்கூடியவை. நிறத்தை மாற்றாமல் எடுத்தவற்றுக்கு மட்டும் இது பொருந்தும். பங்களா, கிளப் படங்கள் தேறவில்லை. ஏற்கெனவே கம்பெனி ஆல்பங்களில் பளபளப்பாக இருந்தவற்றை, இப்போது பாசியோடு மறுபடி அதே மரியாதையில் காட்டுவது தவிர அவை வேறெதுவும் செய்யவில்லை. பெயரில்லாத முதிய தொழிலாளியின் படங்கள் வெளிப்படையான அநியாயம். மொத்தத்தில், கடந்த இருபது வருஷத் தங்கவயல் புகைப்படக் குவியல் கைத்திறனில் தேர்ச்சி, அறிதலில் தோல்வி. ஊரைப் பற்றி அது சொல்லும் முதல் செய்தியே தவறு என்பதால் இந்தத் தோல்வியைச் சிறு குறை என்று தள்ள முடியவில்லை.

இது தங்கவயலோடு முடியும் நோய் இல்லை. எங்கள் மாவட்டத்துப் பழவேற்காட்டுக்கு வருகிறவர்கள் நேராகப் போவது டச்சுக்காரர் கல்லறைக்கு. வாசலின் இரு புறமும் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள், உள்ளே பதினேழாம் நூற்றாண்டின் எழுத்து வேலைப்பாடு. தொல்லியல் துறை பாதுகாக்கிறது. ஆயிரம் முறை படமெடுத்தாகிவிட்டது. அதே துறைமுகத்திலிருந்து டச்சுக் கம்பெனி படேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) அடிமைகளாகக் கப்பலேற்றிய மக்களுக்குக் கல் இல்லை. கல் இல்லாததால் படமும் இல்லை.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டைக்கும் ஒரு நாள் இது வரும். இரும்பு உருக்கும் உலைகளும் ரோலிங் மில்களும் இன்று ஓடுகின்றன. எந்த ஆலையும் நிரந்தரமில்லை. மூடிய ஆலையின் உயரமான ஷெட்டும் கிரேன் தூணும் துருப்பிடித்து நிற்கும். நாளைய புகைப்படக்காரருக்கு அவை அழகான படம். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்து வேலைசெய்கிறவர்கள் தங்கும் தகர அறைகள் அதற்குள் பிரிக்கப்பட்டிருக்கும். திருவள்ளூர் பக்கத்துச் செங்கல் சூளைகளில் இது இன்னும் பச்சையாகத் தெரிகிறது. ஒடிசாவிலிருந்து வரும் குடும்பங்கள் தாங்கள் அறுத்த கல்லையே அடுக்கிக் குடிசை போட்டுக்கொள்கின்றன. ஆள் குனிந்துதான் நுழைய வேண்டும். பருவம் முடிந்து அவர்கள் ஊருக்குக் கிளம்பினால் குடிசையும் கலைந்துவிடும். புகைபோக்கி மட்டும் ஐம்பது வருஷம் நிற்கும்.

ஆகவே படமெடுக்கிறவர்களிடம் ஒரு கோரிக்கை. தங்கவயலுக்குப் போனால் முந்தின ராத்திரியே போய்த் தங்குங்கள். விடியலில் மாரிகுப்பம் பிளாட்பாரத்தில் நில்லுங்கள். கோபுரத்தின் பெயரைக் கேட்டு எழுதுங்கள். எடுத்த படத்தின் பிரதியை அந்த லைனில் ஒரு வீட்டிலாவது கொடுத்துவிட்டு வாருங்கள். கும்மிடிப்பூண்டியில் இருப்பவர்கள் உலை மூடும்வரை காத்திருக்க வேண்டாம். தகர அறைகளை இப்போதே, உள்ளே இருப்பவரின் சம்மதத்தோடும் பெயரோடும் எடுக்கலாம்.

திருத்தணி, பள்ளிப்பட்டு, குடியாத்தம், ஆம்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்கும் ஒரு வார்த்தை. தங்கவயலில் வேலைபார்த்த தாத்தாவின் ஸ்டுடியோ படமோ, கம்பெனி பாஸோ, அந்த ஊர் ராபர்ட்சன்பேட்டையில் எடுத்த கல்யாண போட்டோவோ பெட்டியடியில் கிடந்தால் எடுத்துப் பாருங்கள். பின்பக்கம் பென்சிலில் பெயர், சுரங்கம், தெரிந்தால் ஆண்டு எழுதி வையுங்கள். பேனா வேண்டாம், மை ஊறிப் படத்தைக் கெடுத்துவிடும்.